டேப்பருக்கு ‘ப்ளூ ஓகே’ போதாது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கோவையின் சிறு பட்டறைகளும் இனி மெஷின் டூல் பாகங்களைச் செய்து வெளிநாட்டுக்கு அனுப்பலாம் என்று தங்கள் நாளிதழின் தொழில் பக்கத்தில் ஒரு கட்டுரை வந்திருந்தது. அனுப்பலாம்தான். வேலை தெரிந்த கைகள் இங்கே உண்டு, மெஷின்களும் வந்துவிட்டன. ஆனால் சி.எம்.எம். (பாகத்தைப் புள்ளி புள்ளியாகத் தொட்டு அளக்கும் கம்ப்யூட்டர் மெஷின்) ஒன்று வாங்கி வைத்துவிட்டால் தரத்தைப் பற்றிக் கவலையே வேண்டாம் என்கிற பொருளில் நடுவில் ஒரு வரி இருந்தது. கணபதியில் டூல் ரூமிலும் பிறகு இன்ஸ்பெக்‌ஷனிலும் வேலை பார்த்து ஓய்வு பெற்ற எனக்கு அந்த வரியைச் சும்மா விட மனம் வரவில்லை. டேப்பர் எனும் கூம்புச் சரிவு விஷயத்தில் அது முழுத் தப்பு.

தொழிலில் இல்லாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். டிரில்லிங் மெஷினில் பெரிய டிரில்லை ஸ்குரூ எதுவும் போடாமல் சாக்கெட்டில் சொருகி ஒரு தட்டுத் தட்டுவார்கள். அது அப்படியே பிடித்துக்கொள்ளும், கழற்ற ஆப்பு அடிக்க வேண்டும். பிடிப்பைக் கொடுப்பது அந்தத் தண்டின் சரிவுதான். அமெரிக்காவின் ஸ்டீபன் மோர்ஸ் 1860-களில் கொண்டுவந்த அளவு அது, இன்றும் மோர்ஸ் டேப்பர் என்றே பெயர். சுமார் 20 மி.மீ. நீளத்துக்கு விட்டம் 1 மி.மீ. குறையும். ‘சுமார்’ என்று சொல்லக் காரணம் உண்டு. ஒன்றாம் நம்பர் மோர்ஸ் 20.047-க்கு ஒன்று, மூன்றாம் நம்பர் 19.922-க்கு ஒன்று, ஐந்தாம் நம்பர் 19.002-க்கு ஒன்று. ஏன் இப்படி என்று கேட்காமல் உலகமே அதை ஏற்றுக்கொண்டுவிட்டது. நாமும் அதையே கிரைண்ட் செய்கிறோம்.

மில்லிங் மெஷின், மெஷினிங் சென்டர் ஸ்பின்டில்களில் இருப்பது வேறு. 24 மி.மீ. நீளத்துக்கு 7 மி.மீ. குறையும் செங்குத்தான டேப்பர். தானாகப் பிடிக்காது, பின்னாலிருந்து இழுத்துப் பிடிக்க வேண்டும், விட்டால் உடனே கழன்று வரும். டூலை நொடியில் மாற்றும் மெஷினுக்கு அதுதான் வசதி. டூலைப் பிடித்து ஸ்பின்டிலில் மாட்டும் ஹோல்டர்களில், கோவைப் பட்டறைகளில் அதிகம் புழங்கும் பி.டி. 40 இந்த வகை. அதன் பெரிய பக்கத்தில் கேஜ் லைன் (அளவுக்கு ஆதாரமான கோடு) விட்டம் 44.45 மி.மீ. அங்கிருந்து டேப்பர் 65.4 மி.மீ. நீளம். முழுக் கோணம் 16 டிகிரி 35 நிமிடம் 39 விநாடி. (டிகிரியில் அறுபதில் ஒரு பங்கு நிமிடம், நிமிடத்தில் அறுபதில் ஒரு பங்கு விநாடி.)

அந்தக் கடைசி எண்ணைக் கவனிக்க வேண்டும். டிகிரியைப் பார்த்தாயிற்று, நிமிடத்தையும் பார்த்தாயிற்று என்று இந்த வேலையில் விட்டுவிட முடியாது. நல்ல ஹோல்டர் என்றால் ஏ.டி.3 தரம் கேட்பார்கள். ஏ.டி. என்பது டேப்பரின் கோணப் பிழைக்கு வைத்திருக்கும் தர வரிசை. அந்த நீளத்துக்கு ஏ.டி.3 விடும் கோணப் பிழை பத்து விநாடிக்கும் குறைவு. விட்டக் கணக்கில் சொன்னால், டேப்பரின் முழு நீளத்துக்கும் சேர்த்து மூன்று மைக்ரானுக்குள். மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. பிழை எந்தப் பக்கம் போகலாம் என்பதற்கும் விதி உண்டு. ஹோல்டர் பெரிய முனையில்தான் முதலில் உட்கார வேண்டும். சின்ன முனை இறுகிப் பெரிய முனை லூசாக இருந்தால், குழியில் குழவி ஆடுவதுபோல டூல் ஆடும். ஃபினிஷ் கெடும், துளை பெருக்கும், கார்பைட் முனை சீக்கிரம் உடையும். ஹோல்டரின் டேப்பரில் ஓரிடத்தில் மட்டும் பழுப்பு நிறத்தில் துருப்போலக் கறை பிடித்திருந்தால் அங்கேதான் உரசல். மெஷினை ஓட்டுபவர் அந்தக் கறையைத் துணியால் துடைத்துவிட்டு மறுபடி மாட்டுவார்.

இனி நடந்ததைச் சொல்கிறேன். பெயர்கள் வேண்டாம். நம் ஊர்ப் பட்டறை ஒன்று பி.டி. 40 ஹோல்டர்கள் ஒரு லாட் செய்து அனுப்பியது. வாங்கியவர்கள் திருப்பிவிட்டார்கள். ‘எங்கள் கேஜில் ப்ளூ 85 சதவீதம் வந்தது’ என்று இவர்கள். ‘எங்கள் கேஜில் 60 கூட வரவில்லை, அதுவும் சின்ன முனையில்தான் பிடிக்கிறது’ என்று அவர்கள். இரண்டு பேருமே பொய் சொல்லவில்லை. ப்ளூ என்பது நீல மார்க்கிங் மையை ஒரு பாகத்தில் தடவி, இன்னொன்றில் சொருகித் திருப்பி, எவ்வளவு தூரம் ஒட்டுகிறது என்று பார்ப்பது. அது இந்த ஹோல்டருக்கும் இந்த ரிங் கேஜுக்கும் (ஹோல்டரைச் சொருகிப் பார்க்கும் வளையம்) ஒத்துப்போகிறதா என்று மட்டுமே சொல்லும். ரிங் கேஜே தேய்ந்து கிடந்தால், தேய்ந்த கேஜுக்கு அழகாகப் பொருந்தும் தப்பான டேப்பர்தான் கிடைக்கும். அந்தப் பட்டறையில் நடந்தது அதுவே. கிரைண்டர் பக்கத்தில் வைத்து ஒவ்வொரு ஜாபுக்கும் சொருகிச் சொருகிப் பார்த்த அதே ரிங்தான் கடைசி இன்ஸ்பெக்‌ஷனுக்கும். எமரித் தூளும் கூலன்ட்டும் பட்டுப் பட்டு ரிங்கின் பெரிய வாய் விரிந்துபோயிருந்தது. அந்த வாயில் ப்ளூ ஒட்டும்வரை ஹோல்டரைக் கிரைண்ட் செய்தால் ஹோல்டரும் கூடுதல் கோணத்தில்தானே வர வேண்டும் என்று கேட்பீர்கள். வரவில்லை. வாய் ஓரத்தில் மட்டும் விரிந்திருந்ததால், ஆபரேட்டர் உள்ளே நடுவிலும் அடியிலும் ஒட்டுவதைப் பார்த்தே செட் செய்துவந்தார். வாயில் ப்ளூ மங்கலாக வந்ததற்கு மை குறைவு என்று காரணம் கண்டுபிடித்து இன்னும் கொஞ்சம் தடவினார். சதவீதம் ஏறிவிட்டது, பெரிய முனை லூசாக இருந்தது மைக்குள் மறைந்துபோனது.

ப்ளூவின் ஆபத்து இதுதான். மை எவ்வளவு கனமோ அவ்வளவு பிழையை அது மூடும். ஐந்து மைக்ரான் கனத்துக்குத் தடவினால் ஐந்து மைக்ரான் இடைவெளி இருந்தாலும் ‘ஒட்டிவிட்டது’ என்று காட்டும். விரலால் அப்பி, ரிங்கைக் கையில் வளையல் மாட்டுகிற வேகத்தில் சுற்றுகிறார்கள். முழுவதும் நீலமாகிவிடுகிறது, உடனே ரிப்போர்ட்டில் 90 சதவீதம். சரியான முறை எல்லா ஐ.டி.ஐ. பையனுக்கும் தெரிந்ததே. இரண்டு பக்கமும் துடைத்து, நீளவாக்கில் மூன்று மெல்லிய கோடுகள் சமதூரத்தில், கண்ணுக்கு நீலம் தெரிந்தும் தெரியாமலும் இருக்கும் அளவுக்கு. மெதுவாகச் சொருகி, கால் சுற்றுக்கு மேல் திருப்பாமல், நேராக உருவ வேண்டும். கோடு எங்கே பரவியது, எங்கே அப்படியே நின்றது என்று பார்ப்பதற்குத்தான் மூன்று கோடு. இரண்டு முனையிலும் பரவி நடுவில் அப்படியே நின்றால் டேப்பர் குழிந்திருக்கிறது என்று பொருள்.

குழிவு என்றதும் ஞாபகம் வருகிறது. லேத்தில் டேப்பர் திருப்பும்போது டூல் முனை சென்டர் உயரத்துக்கு ஒரு மயிரிழை கீழே இருந்தாலும் மேலே இருந்தாலும், வருவது நேரான கூம்பு ஆகாது. அது உள்வளைந்த ஹைப்பர்போலா. காம்பவுண்ட் ஸ்லைடைச் சரியான கோணத்தில்தான் திருப்பினேன் என்று டர்னர் சத்தியம் செய்வார், அதுவும் உண்மையாகவே இருக்கும். இரண்டு முனையின் விட்டத்தை மட்டும் மைக்ரோமீட்டரில் பார்த்தால் கோணம் டிராயிங்படியே வரும். நடுவைப் பார்த்தால்தான் வண்டவாளம் தெரியும்.

திரும்பி வந்த லாட்டுக்கு வருகிறேன். என்னைக் கூப்பிட்டபோது இரண்டு ரிங்குகளையும் ஓரமாக வைக்கச் சொன்னேன். சர்ஃபேஸ் பிளேட் (சமதளப் பலகை) ஒன்று, 200 மி.மீ. சைன் சென்டர் (பொருளை இரு முனையிலும் பிடித்து, ஒரு பக்கத்தைத் தூக்கிக் கோணம் அமைக்கும் சைன் பார்) ஒன்று, ஸ்லிப் கேஜ் (துல்லிய உயரக் கட்டைகள்) பெட்டி, ஒரு மைக்ரான் அசைவையும் முள்ளில் காட்டும் டயல். வேறெதுவும் வேண்டாம். ஹோல்டரைச் சென்டரில் பிடித்தால் அச்சு சைன் பாருக்கு இணையாக இருக்கும். ஆகவே பாதிக் கோணத்துக்குத்தான் தூக்க வேண்டும். கணக்கு 28.861 மி.மீ. பெட்டியிலிருந்து 1.001, 1.36, 6.5, 20 எடுத்து ஒட்டினால் அந்த உயரம் வந்துவிடும். (கேஜை சைன் பாரின் மேலேயே படுக்க வைத்தால் முழுக் கோணம், 57.119 மி.மீ. இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு மெஷினைக் குறை சொன்னவர்களைப் பார்த்திருக்கிறேன்.) தூக்கி வைத்ததும் டேப்பரின் மேல்விளிம்பு பிளேட்டுக்குச் சமமட்டமாகிவிடும். டயலை நீளவாக்கில் ஓட்டினால் முள் அசையக் கூடாது.

அசைந்தது. 50 மி.மீ. ஓட்டத்தில் இரண்டு மைக்ரான். ஹோல்டரை அரைச் சுற்றுத் திருப்பி மறுபடி ஓட்டினோம். ஹோல்டரின் சென்டர் குழிகள் டேப்பரின் அச்சிலிருந்து விலகியிருந்தால் இரண்டு ரீடிங்கும் முரண்பட்டு அம்பலமாகிவிடும், சராசரி எடுத்துக் கழித்துவிடலாம். அதே இரண்டு. ஒரு பக்கம் இரண்டு என்றால் விட்டத்தில் நான்கு. போதாக்குறைக்குச் சின்ன முனைதான் தடித்து நின்றது. திருப்பி அனுப்பியவர்கள் சொன்னதே சரி. முழுத் தர்க்கமும் டீ ஆறுவதற்குள் முடிந்தது.

பிறகு அந்த ரிங் கேஜின் காலிபரேஷன் சான்றிதழைக் கேட்டேன். பத்திரமாக ஃபைலில் வைத்திருந்தார்கள், தேதியும் தாண்டவில்லை. ஆனால் அதில் கேஜ் லைன் விட்டம் மட்டும்தான் அளந்திருந்தது. கோணம் பற்றி ஒரு வரி இல்லை. பட்டறைக்காரர் கேட்கவில்லை, கேட்காததை யாரும் அளந்து கொடுப்பதும் இல்லை. டேப்பர் கேஜுக்குக் கோணமே இல்லாத சான்றிதழை வாங்கி வைப்பதைவிட அந்தப் பணத்துக்கு ஸ்லிப் கேஜ் துடைக்க நல்ல துணி வாங்கலாம்.

பெரும்பாலான ஹோல்டர்களை லேசாக மறுபடி கிரைண்ட் செய்து தேற்ற முடிந்தது. இந்த டேப்பரில் விட்டம் ஐந்து மைக்ரான் குறைந்தால் ஹோல்டர் ஸ்பின்டிலுக்குள் 17 மைக்ரான் கூடுதலாகப் போகும், அவ்வளவே. மோர்ஸாக இருந்தால் நூறு மைக்ரான் போயிருக்கும்.

இப்போது சி.எம்.எம். விஷயம். நான் அதற்கு விரோதி அல்ல. துளைகளின் இடைவெளி, சதுரம், சிக்கலான வார்ப்புகள் என்றால் அதுபோல ஒன்று கிடையாது. ஆனால் நம் பட்டறைகளில் இருக்கும் சி.எம்.எம்.களின் பிழை வரம்பு, குளிரறையில் வைத்து ஒழுங்காகப் பராமரித்தாலுமே, பொதுவாக இரண்டு மைக்ரானை ஒட்டி இருக்கும். இரண்டு மைக்ரான் பிழையுள்ள ஒன்றை வைத்து, மூன்று மைக்ரானுக்குள் இருக்கிறதா என்று தீர்ப்புச் சொல்ல முடியாது. இன்னொன்று, அவசரத்தில் மேலே ஒரு வட்டம் நான்கு புள்ளி, கீழே ஒரு வட்டம் நான்கு புள்ளி தொட்டுவிட்டு ‘கோன்’ என்று பட்டனை அழுத்துகிறார்கள். கம்ப்யூட்டர் விநாடிக்குப் பின்னும் நான்கு தசமம் போட்டு அச்சடித்துக் கொடுக்கும். நடுவில் குழிந்திருப்பது அந்த எட்டுப் புள்ளிக்கும் தெரியாது. அச்சடித்த தாளைப் பார்த்ததும் நமக்கு ஒரு மரியாதை வந்துவிடுகிறது, அதுதான் பிரச்சினை.

200 மி.மீ. சைன் பாரில் ஸ்லிப் கேஜ் அடுக்கு ஒரு மைக்ரான் தப்பினால், டேப்பர்கள் இருக்கும் கோண வரம்பில் பிழை சுமார் ஒரு விநாடிதான். ஸ்வீடன்காரர் யோஹான்சன் 1896-இல் யோசித்த கட்டைகள் அவை. இன்னும் அவற்றை ஓரங்கட்ட முடியவில்லை. மூடிய அறை, ஏ.சி. என்றெல்லாம் பட்டறைக்காரர்கள் பயப்படுகிறார்கள். அளவுகளுக்கு 20 டிகிரிதான் உலக விதி. ஆனால் கோணத்துக்கு ஒரு சலுகை உண்டு. எஃகு எல்லாப் பக்கமும் ஒரே விகிதத்தில் பெருப்பதால், பொருள் சீராகச் சூடானால் கோணம் மாறாது. ஹோல்டர், சைன் பார், ஸ்லிப் கேஜ் மூன்றும் ஒரே பிளேட்டில் ராத்திரி முழுக்கக் கிடந்து ஒரே சூட்டுக்கு வந்திருந்தால், சித்திரை மாதக் காலையிலும் கோணத்தை நம்பிப் பார்க்கலாம். விட்டம் அப்படி அல்ல. கிரைண்டரிலிருந்து எடுத்த கையோடு ரிங்கில் சொருகினால், ரிங்கைவிடப் பத்து டிகிரி கூடுதலாக இருக்கும் ஹோல்டர் ஐந்து மைக்ரான் பெருத்து நிற்கும். ஆறியதும் உள்ளே போய்விடும். அப்புறம் ஆபரேட்டரைத் திட்டுவது.

சைன் சென்டர் வாங்க வசதியில்லாதவர்களுக்கும் வழி உண்டு. ஒரே அளவுள்ள இரண்டு ரோலர், இரண்டு சம உயர ஸ்லிப் அடுக்கு, ஒரு நல்ல மைக்ரோமீட்டர். மோர்ஸ் மூன்று பிளக் கேஜைச் சின்ன முனை கீழே இருக்கப் பிளேட்டில் நிறுத்தி, இருபுறமும் ரோலர் வைத்து வெளியளவு எடுங்கள். ரோலர்களை 50 மி.மீ. தூக்கி மறுபடி எடுங்கள். இரண்டுக்கும் வித்தியாசம் 2.510 மி.மீ. வர வேண்டும். நடுவில் 25 மி.மீ. உயரத்திலும் ஒருமுறை எடுத்தால் 1.255 வருகிறதா என்று பார்த்துக் குழிவையும் பிடித்துவிடலாம். ரோலரின் விட்டம் என்னவென்றுகூடத் தெரிய வேண்டியதில்லை, இரண்டும் ஒன்றாக இருந்தால் போதும். சாக்கெட்டின் உட்புறத்துக்கு இதே கதையை இரண்டு வெவ்வேறு ஸ்டீல் பால் போட்டு, டெப்த் மைக்ரோமீட்டரால் பார்க்கலாம். ஏர் கேஜ் இருந்தால் இன்னும் வேகம். இரண்டு ஜெட்டின் வித்தியாசத்தை வைத்து, விட்டம் எதுவானாலும் கோணத்தை மட்டும் காட்டும். ஆனால் அதை செட் செய்யும் மாஸ்டர் கேஜும் அளக்கப்பட்டதாக இருக்க வேண்டும்.

ஐ.டி.ஐ. பாடத்திட்டத்தில் சைன் பாரும் ஸ்லிப் கேஜும் இருக்கின்றன. பயிற்சிக்கு வரும் பையன்கள் சூத்திரத்தைத் தடுமாறாமல் சொல்கிறார்கள். ஸ்லிப் கேஜைக் கையில் கொடுத்தால் செங்கல் அடுக்குவதாக ஒன்றின்மேல் ஒன்று வைக்கிறார்கள். வழுக்கி, திருப்பி, தூக்கினால் சேர்ந்து வரும்படி ஒட்ட வைக்க யாரும் காட்டவில்லை. பெட்டி பீரோவில் பூட்டிக் கிடக்கிறது, தொலைந்தால் யார் பதில் சொல்வது என்ற பயம். பழைய, சான்றிதழ் காலாவதியான ஒரு செட்டைப் பயிற்சிக்கென்றே ஒதுக்கிக் கொடுத்தால் யாருக்கும் நஷ்டமில்லை. ஓய்வு பெற்ற எங்களைப் போன்றவர்களைச் சனிக்கிழமை கூப்பிட்டால் வந்து காட்டிவிட்டுப் போவோம், பஸ் காசு போதும்.

ஆர்டர் கொடுக்கும் கம்பெனிகளையும் கேட்டுக்கொள்கிறேன். ‘ப்ளூ 85 சதவீதம்’ என்று ஒரு வரி எழுதி அனுப்பாதீர்கள். எந்தக் கேஜில் என்று எழுதுங்கள். ஏ.டி. எத்தனை என்று எழுதுங்கள், எந்த முனையில் பிடிக்க வேண்டும் என்று எழுதுங்கள். உங்களிடம் இருக்கும் மாஸ்டரோடு ஒத்துப் பார்த்த ரிங் ஒன்றை வேலை முடியும்வரை பட்டறைக்குக் கொடுத்து வைத்தால் பாதிச் சண்டை வராது. பட்டறைக்காரர்களுக்குச் சொல்வது, கிரைண்டர் பக்கத்தில் கிடக்கும் ரிங் வேறு, கடைசியில் பார்க்கும் ரிங் வேறாக இருக்கட்டும். கேஜ் அளந்து தர கோவையிலேயே சிட்டார்க் பரிசோதனை மையம் இருக்கிறது, பெங்களூரில் சி.எம்.டி.ஐ. ஆய்வு நிறுவனம் இருக்கிறது. கேஜை அனுப்பும்போது கோணமும் நேர்த்தன்மையும் அளந்து தரும்படி கடிதத்தில் எழுதிக் கேளுங்கள்.

ஒவ்வொரு பட்டறையும் மாஸ்டர் வாங்க முடியாது என்பது எனக்கும் தெரியும். பி.டி. 30, 40, 50-க்கு ஒவ்வொரு ஜோடி மாஸ்டர், மோர்ஸ் இரண்டு முதல் ஐந்து வரை, ஒரு சைன் சென்டர், ஒரு கிரானைட் பிளேட். குறிச்சி சிட்கோ தொழிற்பேட்டையிலோ கணபதியிலோ ஓர் அறையில் இவற்றைப் பூட்டி வைத்து, பட்டறைகள் வந்து அளந்துபோக ஒரு ஆளைப் போட்டால் சிறுதொழில் சங்கங்களால் தாங்க முடியாத செலவல்ல. மாஸ்டரை வெளியே எடுத்துக்கொண்டு போகக் கூடாது, ஹோல்டரைத்தான் உள்ளே கொண்டுவர வேண்டும் என்று கதவில் எழுதிவிட வேண்டும். இதைப் பற்றிச் சங்க நிர்வாகிகளிடம் கேட்டு அடுத்த தொழில் பக்கத்தில் பதிலையும் வெளியிட்டால் நன்றாக இருக்கும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற இன்ஸ்பெக்‌ஷன் மேற்பார்வையாளர்,
கணபதி, கோயம்புத்தூர்.